டிரைவர் முத்துராமனின் கறுப்புக் கண்ணாடி

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அறுபத்து நான்கு வயதிலும் வெறுங்கண்ணால் பேப்பர் படிக்கிறவர். முப்பது வருஷம் புதுக்கோட்டைக்கும் அன்னவாசலுக்கும் டவுன் பஸ் ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ரிட்டயர் ஆனவர். அப்பேர்ப்பட்டவருக்குக் கண் ஆபரேஷன் என்று ஊரெல்லாம் பேச வைத்தவள் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது.

ஒரு வருஷமாகவே அவர் ஒன்றுக்குப் போக அடிக்கடி எழுந்துகொண்டிருந்தார். வயசானால் அப்படித்தான் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம். சென்னையில் இருக்கும் எங்கள் மகள் பிரகதீஸ்வரி விடவில்லை. லீவுக்கு வந்தவள் அப்பாவை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் பரிசோதிக்க வைத்தாள். அதிலிருந்து ஸ்கேன், ஸ்கேனிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது என்று வளர்ந்து, கடைசியில் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று வந்து நின்றது. ஆரம்பக் கட்டம்தான், ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள்.

முதலில் பார்த்த டாக்டர் சுரப்பியை முழுதாக எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் சிலருக்குச் சிறுநீர் அடங்காமல் கசியலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி இல்லாமல் வாசற்படி தாண்டாத மனுஷன். சாவைவிட அந்த வேட்டியில் படியும் கறையை நினைத்துத்தான் அவர் அதிகம் பயந்தார். எனக்குத் தெரியாதா?

பிரகதீஸ்வரி படித்தது இயற்பியல். ஒலி அலையால் உடம்புக்குள் மருந்தை உசுப்பிவிட்டுப் புற்றுநோயைக் கொல்லும் ஆராய்ச்சியில் இருக்கிறாள். அவளுடைய ஆராய்ச்சி இன்னும் எலிகளைத் தாண்டவில்லை. ஆனால் அதே வேலையை ஒளியால் செய்யும் சிகிச்சையை ஓர் ஆஸ்பத்திரியில் சோதனை முறையில் ஆட்களுக்குக் கொடுப்பதாக விசாரித்துச் சொன்னாள். கை நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். பிறகு மெல்லிய இழைகளைச் சுரப்பிக்குள் செருகிச் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினால், வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் மருந்து விழித்துக்கொண்டு வேலையைக் காட்டும். பலன் எப்படி என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், யாரும் உறுதி தர மாட்டார்கள் என்பதையும் அவளே சொன்னாள். இவர் டாக்டர்களைக் கேள்வி கேட்டே களைக்க வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

ஒரே ஒரு தொல்லை. அந்த மருந்து உடம்பை விட்டுப் போகும் வரை, மூன்று வாரம், மேலே வெயில் படக் கூடாது. பட்டால் தோல் வெந்துவிடும். பளீரென்ற விளக்கும் ஆகாது. ஆகவே முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, போதாததற்குக் குடை என்று ஜோடனையோடு காரிலிருந்து இறங்கினார். எதிர்வீட்டு அழகி ஓடி வந்தாள்.

"என்னக்கா, அண்ணனுக்குக் கண் ஆபரேஷனா?"

எந்த இடத்தில் ஆபரேஷன் என்று எப்படிச் சொல்வது? "ஆமா அழகி" என்றேன். அவ்வளவுதான், மறுநாள் முதல் ஊரே எங்கள் வீட்டில். எங்கள் பக்கத்தில் கண் முகாமுக்கு ஆள் அனுப்பாத குடும்பம் கிடையாது. அதனால் ஆளாளுக்கு டாக்டர். தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க என்றார் ஒருவர். குனியாதீங்க, தும்மாதீங்க என்றார் இன்னொருவர். ரொட்டியும் ஹார்லிக்ஸும் மேஜையில் குவிந்தன. ஒருவர் ஜன்னலைத் திறக்கப் போக, நான் பாய்ந்து போய் மறித்தேன். மங்கலான குண்டு பல்பின் கீழே இவர் மூஞ்சிக்கு நேரே விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டார்கள். "மூணு" என்பார் இவர். "தேறிட்டாரு" என்று எழுந்து போவார்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது. அவர் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னை முறைப்பார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அடைக்கலம் அண்ணன் வந்தார். எனக்குப் பெரியப்பா மகன். என் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டர். அவர் விரலை நீட்டவில்லை.

"கண்ணுன்னா நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம் மாப்ள. கொடுத்து வச்சவன் நீ."

"ஏன் மச்சான்?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். நான் அடுப்படியில் இருப்பதை மறந்துவிட்டார் போல. "ஆறு மாசமா ஒன்னுக்குப் போனா எரிச்சல். ரெண்டு தடவ ரத்தமும் வந்துச்சு. சூடுதான்னு வாழைத்தண்டுச் சாறு குடிச்சுக்கிட்டு வாரேன். வீட்டுல அவளுக்கே தெரியாது. யாருகிட்டப் போயி வேட்டிய அவுக்கச் சொல்ற?"

இப்போது இவர் சொல்லிவிடுவார் என்று கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். இவரோ "ஒடம்பப் பாத்துக்க மச்சான்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒங்க வேட்டி தப்பிச்சிருச்சு. அண்ணன் என்ன ஆனா ஒங்களுக்கு என்ன?" என்றேன்.

"பொய்ய ஆரம்பிச்சது நீதானே?"

சுருக்கென்று தைத்தது. அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டால் அண்ணனுக்கு வந்த ரத்தம் நின்றுவிடுமா? அன்று சோற்றைத் தட்டில் வைத்ததோடு சரி, ஒரு பேச்சு இல்லை.

மறுநாள் அவரே பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டார். பெயரைச் சொல்லாமல், "தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று கேட்டார். "கல்லா இருக்கலாம், கிருமியா இருக்கலாம், அப்பாவுக்கு வந்ததாவும் இருக்கலாம். பார்க்காம யாரும் சொல்ல முடியாதுப்பா. ஆனா ரத்தம் வந்தா உக்காந்திருக்கக் கூடாது, இந்த வாரமே காட்டச் சொல்லுங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு, "அந்தி சாஞ்சதும் டீக்கடைக்குப் போறேன்" என்றார்.

"டீக்கடைக்கா? அண்ணன மட்டும் கூப்பிட்டுச் சொன்னாப் போதாதா?"

"தனியாச் சொன்னா, இது ஒளிச்சு வைக்கிற சீக்குத்தான்னு அவனே முடிவு கட்டிருவான். நாலு பேரு முன்னாடி சொன்னாத்தான் அவனுக்கு வெக்கம் விடும்."

வெயில் சுத்தமாக இறங்கிய பிறகு, முழுக்கைச் சட்டையோடும் கறுப்புக் கண்ணாடியோடும் கிளம்பினார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மங்கலில் நடந்தால் பள்ளத்தில் விழத்தான் வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். டீக்கடைப் பெஞ்சில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். ஓரத்தில் அடைக்கலம் அண்ணன். எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். "மாஸ்டர், அந்த லைட்ட மட்டும் அணைங்க" என்றேன். உள்ளே அடுப்பு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

"கண்ணு எப்படிண்ணே இருக்கு?" என்றது ஒரு குரல்.

இவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லப்பா. ஒங்ககிட்டச் சொன்னது பொய்யி. மூத்திரப் பைக்குக் கீழ ஆம்பளைகளுக்கு ஒரு சுரப்பி இருக்கு. அதுல எனக்குக் கேன்சர். அங்கதான் வைத்தியம் பாத்தாங்க."

பிறகு ஒருவன் மெதுவாக, "கத்தி வச்சாங்களாண்ணே?" என்றான்.

"இல்ல. லைட்டு அடிச்சாங்க. செவப்பு லைட்டு."

"அங்கயா?"

"பின்ன, ஒன் மூஞ்சியிலயா அடிப்பாங்க?"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு இவர் மறுபடி ஆரம்பித்தார். எந்த வயதில் ரத்தம் பரிசோதிக்க வேண்டும், என்னென்ன அறிகுறி, டாக்டர் எங்கே விரலை வைத்துப் பார்ப்பார் என்பது வரை, கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். "சீக்கிரம் பாத்ததால எனக்கு லைட்டோட போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் வெக்கப்பட்டிருந்தா இந்தா நிக்கிற என் பொண்டாட்டி செவந்தி வெள்ளைச் சேலை கட்டியிருக்கணும். ரத்தங்கித்தம் கண்டா ஒரு நாள் பொறுக்காதீங்க" என்றார்.

அவ்வளவு நேரமும் அவர் அடைக்கலம் அண்ணன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தன் ரகசியத்தைச் சந்தியில் போட்டு உடைத்தவர், அண்ணனுடையதைப் பொத்திப் பாதுகாத்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குப் போல நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை. திரும்பும்போதும் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். கண்ணாடி அவர் பையில்தான் இருந்தது.

மறுநாள் விடியுமுன் பால் வாங்கப் போனேன். புதுக்கோட்டை போகும் முதல் பஸ்ஸுக்கு அடைக்கலம் அண்ணன் குளித்து, வேட்டி கட்டி, மதினியோடு நின்றார். அவருக்குப் பின்னால் டீக்கடைப் பெஞ்சிலிருந்து இன்னும் மூன்று பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"எங்கண்ணே இவ்வளவு காலையில?"

அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "கண்ணு டெஸ்ட்டுக்குத் தங்கச்சி" என்றார்.

"எங்களுக்கும் கண்ணுதான்க்கா" என்றார்கள் மற்ற மூவரும். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டெஸ்டில் யாருக்கு என்ன வந்தது என்பதை அவரவர் சொல்லட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நான் பாலோடு வீட்டுக்குள் நுழைந்தபோது இவர் மூடிய ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யார் யார் போகிறார்கள் என்று சொன்னேன். வெளியே பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு விசில். அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஊதியதில்லை அது. அடைக்கலம் அண்ணன் இருபது வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஊதிய அதே விசில், போகலாம் என்று.

மங்கல் வெளிச்சத்தில் இவருடைய வலது கால் தரையை மெல்ல அழுத்தியது.