தூசிக் கணக்கு

...இல்லை, கருந்துளையைச் சுற்றி எழும் வெளிச்சத்தால் இல்லவே இல்லை, அதிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரை மோதித்தான் அந்த வாயு இழைகள் ஒளிர்கின்றன, இத்தனை சூடு வேறு எப்படி வரும், இன்றைக்குச் சண்முகசுந்தரம் சார் என்ன சொல்லித் தப்பிக்கிறார், பார்த்துவிடலாம்... மடிக்கணினியில் கூட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது, அல்லி தன் வரைபடங்களைத் திறந்து வைத்தாள். மூன்று வருட ஆராய்ச்சி, முதல் கட்டுரை, அதுவும் வழிகாட்டியான சாரையே எதிர்த்து. ரேடியோ அலைகளைக் கொட்டும் ஒரு விண்மீன் மண்டலம், அதைச் சுற்றி நூல் நூலாக வாயு, அதை ஒளிர வைப்பது எது? நடுவிலிருக்கும் கருந்துளையைச் சுற்றி எழும் கதிர் என்பார் சார், மோதல் என்பாள் இவள். அவசரப்படாதம்மா என்று எல்லார் முன்னாலும் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு... திரையில் கறுப்பாக என்ன அது, கீழவாஞ்சூர்த் துறைமுகத்து நிலக்கரித் தூளா, சன்னலைச் சாத்தினாலும் விடுகிறதா சனியன், துப்பட்டா நுனியால் அழுத்தித் தேய்த்தாள். "அது தூசி இல்லடி, கீறலு. காலையிலயே நான் தொடச்சாச்சு, நீ வேற ஏன் போட்டுத் தேய்க்கிற?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா.

தொடச்சாச்சு... அல்லி தேய்ப்பதை நிறுத்தினாள். விண்வெளியில் வழியிலிருக்கும் தூசி தின்ற ஒளியைக் கணக்குப் போட்டுத் திருப்பிச் சேர்த்தாளே, தூசி அதிகம் தின்பது நீலத்தை என்பதால் நீலத்துக்குக் கூடுதலாக, தரவைக் கொடுத்த அஷ்வின் என்ன சொன்னான், எல்லாம் சுத்தம் பண்ணிட்டேன் என்றானே, சுத்தம் என்றால் தூசியும் சேர்த்தா? கேட்டாளா? கேட்கவில்லையே! இல்லாத தூசிக்கு இன்னொரு தடவை ஒளியை ஏற்றினால் நீலம் வீங்கும், நீலம் வீங்கினால் சூடு ஏறும், சூடு ஏறினால் மோதல்... அஷ்வினுக்குச் செய்தி தட்டினாள். ‘ஆமா, தூசிக்கும் போட்டுத்தான் குடுத்தேன், ஏன்?’ என்று வந்தது. அடிப்பாவி, அடிப்பாவி. தன் திருத்தத்தை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். சூடு இறங்கியது, இறங்கி, சார் பக்கமும் போகாமல் இவள் பக்கமும் வராமல் நடுவில் நின்றது. அப்படியென்றால் எதுதான் அதை ஒளிர வைக்கிறது?

அதற்குள் சார் திரையில் வந்துவிட்டார், கூடவே மற்ற எல்லோரும். "அல்லி, நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேம்மா. உன் சூட்டுக் கணக்குக்கு என்கிட்ட பதில் இல்ல. நாந்தான் தப்பு. கட்டுரைய இன்னைக்கே அனுப்பிடலாம்." சொல், வாயைத் திறந்து சொல்லித் தொலை... "சார், ஒரு நிமிஷம்," என்றாள். நாந்தான் தப்பு என்றாரே, எல்லார் முன்னாலும், அது தன் தப்புக் கணக்கை நம்பிச் சொன்னது என்று தெரிந்த பிறகும் நெஞ்சுக்குள் ஏன் இப்படித் தித்திக்கிறது? மூன்று வருடமாக அவள் தேடியது அந்த இழைகளை ஒளிர வைப்பதையா, இந்த ஒரு வார்த்தையையா?

"சொல்லும்மா," என்றார் சார்.