சம ஆசனம்

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணைக்கு மைக்கைக் கண்டால் தலைகால் தெரியாது. வெள்ளைக்காரன் நாட்டுக்கு வந்த பிறகும் சட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க இராப்போசனத்துக்குத் தலைவர் அவர்தான், பேச்சும் ஒரே பேச்சுதான். அங்கே வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், முப்பதாம் ஆண்டளவில், எந்தச் சாதிப் பிள்ளையையும் வாங்குப் பலகையில் சமமாக இருத்தவேண்டும் என்று கட்டளை வந்ததாம். ஊரில் சிலர் பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தார்களாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் மனேச்சராக இருந்த அவருடைய அப்பப்பா சம ஆசனத்தை உடனே கொண்டுவந்தாராம். உடனே கைதட்டல்.

செயலாளர் தவநாயகி நான்தான். மண்டபம் எடுப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது, கடைசியில் கூட்டி அள்ளுவது எல்லாம் என் தலையில். என் அப்பா ஞானரட்ணம் அந்தக் கட்டளை வந்த காலத்தில் அங்கே படித்தவர். இந்த இராப்போசனத்தில் அவரைச் சமையல் நடக்கும் குசினிக் கதவோரம்தான் இருத்துவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுத்த நாள் முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்.

ஏனென்றால் நடந்தது வேறு. அதுவரை எங்கள் சனத்துப் பிள்ளைகளுக்கு நிலம், மற்றப் பிள்ளைகளுக்கு வாங்கு. கட்டளையை மீறினால் அரசாங்க உதவிப்பணம் நின்றுவிடும். மனேச்சர் பெரிய மூளைசாலி. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னமே வாங்குகள் அத்தனையையும் வண்டிலில் ஏற்றித் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எல்லாரும் நிலத்தில், ஆகவே எல்லாரும் சமம்! இன்ஸ்பெக்டரும் திருப்தியாகப் போய்விட்டார். மற்றப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாய்த்துண்டு கொண்டுவந்து போட்டு இருந்தார்கள். அப்பாவுக்கு அதே பழைய மண்தான்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அண்ணை இன்னும் ஒரு படி ஏறினார். அப்பப்பாவின் பெயரில் 'சம ஆசன விருது', அதை வழங்குவதற்குக் கவுன்சிலின் கல்விக் குழுவிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இந்த முறை தான் வரவில்லை என்றார் அப்பா. கட்டாயம் வரவேண்டும், உங்களுக்குத்தான் முதல் கதிரை என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மண்டபத்துக் கதிரைகளையெல்லாம் முதலே சாமான் அறைக்குள் அடுக்கிப் பூட்டியிருந்தேன். வெளியே ஒன்றே ஒன்றை விட்டிருந்தேன். முழங்கால் ஒப்பரேஷன் செய்த அப்பாவை அதில் இருத்தி, அறையைப் பூட்டின திறப்பை அவருடைய கோட்டுப் பைக்குள் போட்டேன்.

"கதிரையள் எங்கை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் அண்ணை.

"சம ஆசனம் அண்ணை. உங்கட அப்பப்பா கொண்டுவந்த மாதிரியே."

அவருடைய முகம் கறுத்தது. மனிசனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது!

அவர் வாய் திறக்குமுன் கவுன்சில் பெண்மணி வந்துவிட்டார். இது உங்கள் பாரம்பரியமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ஆசையோடு சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சம்மணம் கட்டி இருந்துவிட்டார். விருந்தாளி நிலத்தில் இருக்க மற்றவர்கள் நிற்க ஏலுமா? பட்டுச் சேலைகள் முனகிக்கொண்டு இறங்கின. ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் கோட்டுகளை மடித்துப் போட்டு, அதன் மேல் பக்குவமாக இருந்தார்கள். அந்தக் கோட்டுப் பாய்த்துண்டுகளைப் பார்த்த அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

அண்ணையின் தொந்திக்குச் சம்மணம் சரிவரவில்லை. திறப்பைத் தரச்சொல்லி என்னிடம் வந்தார். அப்பாவைக் காட்டினேன். அவருக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"தாறன் தம்பி," என்றார் அப்பா ஆறுதலாக. "அந்த வாங்குகள் எங்கை போனதெண்டு ஒருக்கா மைக்கிலை சொல்லும்."

அண்ணை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுதி வந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தார். ஓடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வாங்குகள் எங்கட வீட்டு விறாந்தையிலை கிடந்தது," என்றார். "நான் அதிலை இருந்துதான் பாடம் படிச்சனான்."

தமிழ் தெரியாத கவுன்சில் பெண்மணி மட்டும் சந்தோஷமாகக் கைதட்டினார்.

அப்பா திறப்பை நீட்டினார். அண்ணை தானே போய்க் கதவைத் திறந்து, ஒரு கதிரையைத் தூக்கிவந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இருக்கத் தயங்கி நின்றார்.

"இரும் தம்பி," என்றார் அப்பா. "கதிரை எல்லாருக்கும் காணும், மிச்சமும் வரும். அப்பவும் வாங்கு எல்லாருக்கும் காணும்தான்."