காலியிடத்துக்கு மூன்று வருஷப் பதவி

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கால்பந்து அணிக்கு அந்த வருஷம் மேனேஜராக இருந்தது ஒரு காலியிடம். பதவி நிரப்பப்படவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்களே, அந்த அர்த்தத்தில் இல்லை. முறைப்படி முன்மொழிந்து, வழிமொழிந்து, மூன்று வருஷத்துக்கு நியமனம் பெற்ற காலியிடம். ஐரிஷ் மொழியில் மேனேஜர் என்று அச்சடித்த கையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு அது கோட்டோரம் நிற்கும். சட்டைக்கு மேலே தலை இல்லை, கீழே கால் இல்லை, உள்ளே ஆள் இல்லை. மழை பெய்தால் சட்டை நனையும், அவ்வளவுதான். நம்பாதவர்கள் எங்கள் ஊர் கில்வாராவில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அந்தக் கோடையில் வைக்கோல் என்ன விலைக்குப் போனது என்று சொல்கிற அதே வாயால் இதையும் சொல்வார்கள்.

அதற்கு முன்னால் அந்தச் சட்டைக்குள் இருந்தவர் மாலக்கி டன்னி. கில்வாராவில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர். கையால் பந்தைப் பிடித்தும் ஆடுகிற, புள்ளிக் கணக்கு வைக்கிற எங்கள் கால்பந்தில் ஆடுகிறவனுக்கும் சம்பளம் இல்லை, ஆட்டிவைக்கிறவனுக்கும் சம்பளம் இல்லை. ஆனாலும் மேனேஜராகிற மனுஷன் தன் சாயங்காலங்களையும் தொண்டையையும் அதற்கே கொடுத்துவிட வேண்டும். மாலக்கி தொண்டையைத் தாராளமாகவே கொடுத்தார். அவர் கோட்டோரம் நின்று கத்தினால் மைதானத்துக்குப் பின்னால் மேய்கிற மாடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். அணித் தலைவன் அவர் மகன் டெக்லன். மகனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிடக் கூடாதே என்று, மற்ற பையன்களுக்கு ஒரு பங்கு திட்டு என்றால் டெக்லனுக்கு மூன்று பங்கு வைத்தார். அதை அவர் நியாயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

கவுண்டி வாரியத் தலைவர் பார்ட்லி ஹெனிகன் ஒரு திங்கட்கிழமை உள்ளூர் வானொலியில் பேசினார். மாலக்கி மேல் வாரியத்துக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்றார். எங்கள் பக்கத்தில் முழு நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் ஆள் வார முடிவைத் தாண்ட மாட்டான் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மாலக்கிக்கு மட்டும் தெரியவில்லை. வியாழக்கிழமை மதியம் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு ஆட்டுத் தீவனம் நிறுத்துக்கொண்டிருந்தபோது அதே வானொலி சொன்னது: ஆட்டக்காரர்கள் கூடிப் பேசினார்கள், மேனேஜர் வேண்டாம் என்று ஒருமனதாகக் கை தூக்கினார்கள், வாரியம் மாலக்கி டன்னியின் சேவைக்கு நன்றி தெரிவிக்கிறது. பதவி போனது அவரை அடிக்கவில்லை. பதவி போகத்தான் இருக்கிறது. ஒருமனதாக என்ற சொல்தான் அடித்தது. ஒருமனதாக என்றால் டெக்லனும்தான். சாக்கு நிரம்பி வழிந்து தீவனம் அவர் காலணி மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். வாடிக்கையாளர்தான் மெதுவாக அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்தார்.

அன்று முதல் டெக்லன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நகரத்தில் வாடகைக்கு இருந்தான், அங்கேயே இருந்துவிட்டான். மாலக்கியும் கூப்பிடவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். பையன் கடைசியாகத்தான் கை தூக்கியிருப்பான். எல்லாக் கையும் மேலே போன பிறகு, தலைவன் என்கிற தோஷத்துக்கு, வேறு வழியில்லாமல், அரை மனசாய்த் தூக்கியிருப்பான். ராத்திரி தூக்கம் வராதபோது அந்தக் கையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். எவ்வளவு தாமதமாக எழும்புகிறது என்று பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டார்.

அவர் மனைவி டிம்ப்னா அந்தக் கணக்கில் சேரவில்லை. "அவன்கிட்டயே கேட்டுட்டா தீர்ந்து போச்சு," என்றாள்.

"நான் எதுக்குக் கேக்கணும்? தப்பு பண்ணவன் வந்து சொல்லட்டும்."

"சரி, அப்போ ரெண்டு பேரும் செத்தப்புறம் பேசிக்குங்க. கல்லறை பக்கத்துப் பக்கத்துலதான் வாங்கிப் போட்டிருக்கு."

இதற்கிடையில் பார்ட்லி புது ஆளைத் தேடி அலைந்தார். எங்கள் வழக்கப்படி மேனேஜர் தேடுகிற வேலை துக்க வீடுகளில்தான் நடக்கும். அங்கேதான் எல்லா கிளப் ஆட்களும் வரிசையில் நிற்பார்கள், யாரும் தப்பித்து ஓட முடியாது. பார்ட்லி செத்தவரின் தம்பி கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டு, அந்தக் கையை விடாமலே, அணியை நீங்க எடுத்துக்கிறீங்களா என்று கேட்டிருக்கிறார். ஒருவருக்குக் குடும்பப் பொறுப்பு. ஒருவருக்கு முழங்கால். ஒருவர் தன் பெயர் அடிபடுவதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு ஸ்பெயினுக்கு விமானம் ஏறிவிட்டார். மாலக்கியை அவர் பெற்ற மகனே கை தூக்கி அனுப்பிய இடத்தில் போய் நிற்க யாருக்கு நெஞ்சு வரும்?

ஜனவரிக் கூட்டத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. எங்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாத தவறு. வருஷத்துக்கான நியமனங்களை பார்ட்லி ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் முன்மொழிகிறேன் என்றார், யாரோ வழிமொழிகிறேன் என்றார், காது கேட்டு வாய் பேசவில்லை, வாய் தானாகப் பேசியது. பின்பக்க மேசையில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சுகளை மூடியிருந்த தாளை யாரோ பிரித்துவிட்டிருந்தார்கள், டீயும் வந்துவிட்டது. பார்ட்லி "அணி மேனேஜர்" என்று வாசித்தார். அங்கே பெயர் இல்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிறுத்தினார். அந்த மௌனத்தை ஒரு கிளப்காரர் முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். ஆட்சேபம் உண்டா என்று பழக்கதோஷத்தில் பார்ட்லி கேட்டார். ஆட்சேபம் இருந்தவர்கள் வாயில் சாண்ட்விச் இருந்தது. நியமனம் முடிந்தது, மூன்று வருஷம். விதிப்படி அதைச் சும்மா மாற்ற முடியாது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் சிலருக்கு உறைத்தது.

முதல் ஆட்டத்தன்று சாமான் பையைத் திறந்ததும் சட்டை தானாக எழுந்தது. தோள் உயரத்துக்கு வந்து, மார்புப் பக்கம் கொஞ்சம் புடைத்து, யாரையும் பார்க்காமல் கோட்டோரம் போய் நின்றது.  டிக்கெட் கிழிக்கிறவர் கிழித்த பாதியோடு நின்றார். பாதிரியார் தொப்பியைக் கழற்றினார், ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை. நடுவர் கிட்டே வந்து சட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது முறையாக நியமனம் ஆனதுதானா என்று பார்ட்லியிடம் கேட்டார். ஆனதுதான் என்று பார்ட்லி வெளிறிப்போய்ச் சொன்னார். அப்படியானால் மேனேஜருக்குக் கோடு போட்ட கட்டத்துக்குள் நிற்கச் சொல்லுங்கள் என்றார் நடுவர். சட்டை ஓரடி பின்வாங்கிக் கட்டத்துக்குள் நின்றது. நடுவர் ஊதல் ஊதினார்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அடுத்ததிலும் ஜெயித்தோம். காலியிடம் ஒன்றுமே செய்யவில்லை. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. இடைவேளையில் உடை மாற்றும் அறையின் மூலையில் போய் நிற்கும். பையன்கள் முதலில் பயந்துபோய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, எவ்வளவு நேரம்தான் பார்ப்பது, ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்தார்கள். நீ இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போகிறேன் என்ற மாதிரி சாதாரணப் பேச்சு. மதுக்கடைகளிலோ அது பெரிய வித்தையாகிவிட்டது. காலியிடம் எதிரணியை ஆழ்ந்து படித்து வைத்திருக்கிறது என்றார்கள். அது பேசாமல் இருப்பதே ஒரு திட்டம் என்று ஒருவர் மூன்று கிளாஸ் உள்ளே போன பிறகு விளக்கினார். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் தெரிந்தேதான் செய்தோம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மாலக்கி கடையில் வானொலியை நிறுத்திப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் வந்து வாயாலேயே ஒலிபரப்பினார்கள். மாகாண இறுதியாட்டத்துக்கு யாரிடமும் சொல்லாமல் போனார். எதிரணி ஆட்களுக்கு நடுவே, கோட் கழுத்தைத் தூக்கி விட்டுக்கொண்டு நின்றார். டெக்லன் பந்தைப் பிடித்ததும் இவர் வாய்வரை கத்தல் வந்துவிட்டது, கஷ்டப்பட்டு விழுங்கினார். டெக்லன் ஒரு தடவை தவறவிட்டான். தவறவிட்டு, பழக்கத்தில் தோளைச் சுருக்கிக்கொண்டு கோட்டோரம் திரும்பிப் பார்த்தான். அங்கே சட்டை நின்றது, காற்றில் லேசாக ஆடியது. பையனின் தோள் இறங்கியது. நிமிர்ந்து ஓடினான்.  இத்தனை வருஷமாக அந்தத் தோள் சுருங்கியதை அவர் பார்த்ததே இல்லை. கத்திக்கொண்டிருந்தவருக்கு எங்கே பார்க்க நேரம்?

கோப்பையோடு பையன்கள் சட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியதைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஒண்ணுமில்லாத சட்டைகிட்ட தோத்துட்டேன் டிம்ப்னா," என்றார். டிம்ப்னா பதில் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் குத்திக்காட்டாதது அவருக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது.

ஆகஸ்டுக்குள் எல்லாம் முடிந்தது. டப்ளினில், நாடே பார்க்கிற அரையிறுதியில், ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அரை நூற்றாண்டில் எங்கள் கவுண்டி அவ்வளவு தூரம் போனதில்லை. அடுத்த நாள் காலையில் அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கடைசி நேரத்தில் ஏன் ஆளை மாற்றவில்லை, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அங்கே நின்று என்ன கிழித்தது என்று வானொலிக்குப் போன் போட்டு ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். சட்டை மேல் யாரோ மீந்த டீயை ஊற்றினார்கள். திங்கட்கிழமை பார்ட்லி பேசினார். காலியிடத்தின் மேல் வாரியத்துக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்றார். சிறப்புக் கூட்டத்துக்கும் அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த மாலக்கி, தன்னை மறந்து, "ஐயோ, பாவமே," என்றார்.

வியாழக்கிழமை மதியம் செய்தி வந்தது. ஆட்டக்காரர்கள் கூடினார்கள், கை தூக்கினார்கள், சிறப்புக் கூட்டமும் ஒப்புக்கொண்டது, வாரியம் காலியிடத்தின் சேவைக்கு நன்றி தெரிவிக்கிறது. ஒருமனதாக என்ற சொல்லுக்காக மாலக்கி காத்திருந்தார். வரவில்லை. ஒருவர் தவிர, என்றது வானொலி. மாலக்கி தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டெக்லனின் கார் முற்றத்தில் வந்து நின்றது. முன் இருக்கையில் சட்டை உட்கார்ந்திருந்தது, பெல்ட் போட்டுவிட்டிருந்தான். டீக் கறை காய்ந்து போயிருந்தது. டெக்லன் இறங்கி, சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டான். சட்டை இறங்கி அவன் பின்னால், வழி தெரியாத விருந்தாளி மாதிரி நின்றது.

"இவனுக்குப் போக இடம் இல்லப்பா," என்றான் டெக்லன். "எல்லாரும் போனப்புறம் அந்த ரூம் மூலையிலயே நின்னுட்டிருந்தான். லைட்டை அணைச்சுட்டாங்க."

"நீதான் அந்த ஒருத்தனா?"

"ஆமா."

"இந்தச் சட்டையை அனுப்பக் கை தூக்கல."

"தூக்கல." டெக்லன் காலால் சரளையைத் தள்ளினான். "உங்களை அனுப்பத் தூக்கினேன். முதல் கை என்னோடதுதாம்பா. நான் தூக்கற வரைக்கும் ஒருத்தனும் தூக்கல. எல்லாரும் என்னையே பாத்துட்டிருந்தாங்க."

ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து மெதுவாக்கி வைத்திருந்த கை மாலக்கியின் கண் முன்னால் விருட்டென்று எழுந்தது.  கடைசிக் கை இல்லை, முதல் கை. வாசலில் டிம்ப்னா துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மாலக்கி வாயைத் திறந்தார். அடுத்து வரப்போகிற சத்தத்துக்கு டெக்லனின் தோள் சுருங்குவதைப் பார்த்தார். இந்தத் தடவை பார்த்துவிட்டார். வாயை மூடினார்.

பிறகு, "நேராத் தூக்கினியா, பாதியாத் தூக்கினியா?" என்று சாதாரணக் குரலில் கேட்டார்.

"நேராத்தான்."

"அது சரி. பாதியாத் தூக்கியிருந்தா உள்ள விட்டிருக்க மாட்டேன்."

டெக்லன் அழுதான் என்று டிம்ப்னா சொல்கிறாள், இல்லை என்று அவன் சொல்கிறான். மாலக்கி சட்டையைப் பார்த்து, "இவன் டீ குடிப்பானா?" என்று கேட்டார். தெரியாது என்றான் டெக்லன், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. சரி, உள்ள வரச் சொல்லு, என்றார் மாலக்கி. டிம்ப்னா கறையைத் துவைக்க வேண்டும் என்று சட்டையைக் கழற்றச் சொன்னாள். பிறகு கழற்றினால் உள்ளே இருப்பதை எங்கே தேடுவது என்று யோசித்து, போட்டபடியே ஈரத் துணியால் துடைத்துவிட்டாள்.

நவம்பரில் வாரியம் அடுத்த கவுண்டியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தது. அவருக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். பழையது மாலக்கி வீட்டிலேயே இருந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்லன் சாப்பிட வருகிறான். மற்ற நாட்களில் அது கடையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாலக்கி அதனிடம் ஆட்டத்தைப் பற்றி மெதுவான குரலில் பேசுகிறார். சாலையில் போகிற டிராக்டர்காரர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி மாலக்கிக்கு வணக்கம் சொல்கிறார்கள், பிறகு இன்னொரு தடவை தூக்கி அதற்கும் சொல்கிறார்கள்.