நுனியில் திரண்ட துளி

சிவப்பு தீர்ந்துபோனது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. புட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தேன். அதற்கப்புறம் எதை எடுத்துப் பூசினேன்?

அவள் கையிலிருந்த ஊசிக்குழல் காலியாகியிருந்தது. மரத்துப்போகும் மருந்து முழுவதும் அண்ணியின் மேல் ஈறுக்குள் இறங்கிவிட்டது. சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணி, பாதி மரத்த உதட்டோடு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட ஒரு கேள்விதான் இவளை அந்தப் பூசிய நாளுக்கு இழுத்துப் போயிருந்தது.

"ஏன்டி பல்லுக்காரி, என் நெயில் பாலிஷ் எங்கன்னு கேட்டேன். அந்தக் கலர் இல்லாதது. கலர் போட்டுட்டுப் போனா எங்க ஸ்கூல் எச்.எம். மொறைக்கிறாங்கன்னு தேடி அலைஞ்சு வாங்கினது. நீ எடுத்துட்டுப் போனதோட சரி."

"லேப்லதான் இருக்கு அண்ணி."

"நீ நகம் வளர்த்து நான் பார்த்ததே இல்லையே. செத்த பல்லுக்கெல்லாம் மேக்கப் போட்டு விடறியா?"

அண்ணி விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. பிடுங்கிய பற்களைச் சேர்த்துவைத்து, வேரின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் சிறு குழி தோண்டி, அதைச் சிமென்டால் அடைப்பாள். பிறகு, பக்கவாட்டில் சாயம் நுழையாமல் இருக்க வேரைச் சுற்றி நகப்பூச்சு. நுனியை மட்டும் விட்டுவிட வேண்டும். நீலச் சாயத்தில் ஊறப்போட்டால், சிமென்ட் சரியாக அடைக்காத இடத்தில் சாயம் உள்ளே போகும். வேரை நீளவாக்கில் பிளந்து, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளப்பாள். பழைய சிமென்டில் நீலம் பாதி வேர்வரை ஏறியிருந்தது. பெரிய டாக்டர் வருஷக்கணக்காகப் பாடுபட்டுத் தயாரித்த புதிய சிமென்டில் ஒரு கோடுகூட இல்லை. அன்று அவர் நுண்ணோக்கியிலிருந்து வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கியபோது கண் கலங்கியிருந்தது.

அந்த முடிவை வைத்துத்தான் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பது அண்ணி. "எங்க வீட்டுப் பொண்ணு ஊறப்போட்டு எடுத்த சிமென்ட், எனக்கில்லாம வேற யாருக்கு?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டவள்.

"கொஞ்சம் நல்லா மரத்துப்போகட்டும் அண்ணி. இதோ வந்துடறேன்."

"எங்க ஓடுற? பாதியில விட்டுட்டுப் போயிடாதே. முன்பல் போச்சுன்னா ரெண்டாம் கிளாஸ் பசங்க என்னை ஓட்டை மிஸ்னு கூப்பிடும்."

இவள் சிரிக்க முயன்றாள். முகம்தான் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பல்லுக்கு இரண்டு முறை வேர் சிகிச்சை செய்தாகிவிட்டது. இரண்டு முறையும் சீழ் திரும்ப வந்தது. இப்போது ஈறைத் திறந்து, வேர் நுனியை வெட்டி, அந்த நுனி வழியாகவே அடைக்கப் போகிறார்கள். இதுவும் கசிந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆய்வுக்கூடம் அடுத்த அறைதான். பிளந்த பற்களின் பெட்டியைத் திறந்தாள். பழைய சிமென்ட் வைத்தவை எல்லாம் சிவப்புச் சட்டை போட்டிருந்தன. புதியவை வெறும் எலும்பு நிறத்தில் பளபளத்தன.

பூசிய நாள் கண்முன் வந்தது. காய்வதற்காக ஒவ்வொரு வேரையும் நூலில் கட்டி நுனி கீழே இருக்கும்படி தொங்கவிட்டிருந்தாள். பூச்சு மெல்ல வழிந்து நுனியில் ஒரு துளியாகத் திரளும். சிவப்பாக இருந்தவரை துளி கண்ணில் பட்டது. பிளேடு முனையால் வழித்துச் சுத்தம் செய்தாள். நிறமில்லாத துளியை எதைப் பார்த்து வழிப்பது? அது நுனியை மூடிக் காய்ந்திருந்தால், சாயத்தைத் தடுத்தது சிமென்டே இல்லை.

ஒரு பாதிப் பல்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். ஊசியின் முனையால் நுனியைச் சுரண்டினாள். ஒன்றும் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவள், விட்ட மூச்சை நம்பாமல் கோணத்தை மாற்றி இன்னொரு தரம் சுரண்டினாள். வெங்காயச் சருகின் உள்தோல் மாதிரி ஒரு மெல்லிய படலம் சுருண்டு எழுந்தது. அடுத்த பல்லிலும் எழுந்தது.

பெரிய டாக்டர் நடைவழியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் குழாயை மூடவில்லை.

"எத்தனை பல்லுல பார்த்தே?"

"ரெண்டுதான் சார். ரெண்டுலயும் இருக்கு."

"ரெண்டை வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ணிடுவியா?"

"மிச்சத்தையும் பார்த்துடறேன் சார். அதுவரைக்கும்..."

"இங்க பாரும்மா." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "தப்பு உன் பூச்சுல. சிமென்ட்ல இல்ல. சிமென்ட் அடைக்குதுங்கறதுக்கு நிரூபணம் இல்லாமப் போச்சு, அவ்வளவுதானே? கசியுதுங்கறதுக்கும் நிரூபணம் இல்லையே. நான் இதை இத்தனை வருஷமாப் பிசைஞ்சுட்டிருக்கேன். எனக்கு இது தெரியும். சோதனையைத் திரும்ப வச்சுக்கலாம். ஆபரேஷன் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுமதிக் குழுவுல இருந்து ரெண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்காங்க. இப்பப் போய் நிறுத்தினா, இந்தப் பக்கம் மறுபடி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சிமென்ட் நல்லதாகவே இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் போனாள். சொல்லச்சொல்ல அந்த வார்த்தை இளைத்துக்கொண்டே போனது.

அண்ணியின் முகத்தைப் பச்சைத் துணியால் மூடியாயிற்று. வாய் மட்டும் தெரிந்தது. ஈறு திறந்தது. எலும்பில் சிறு ஜன்னல், அதற்குள் வேர். சுழலும் கருவியின் சத்தத்தில் இவளுடைய பற்கள் கூசின. ரத்தத்தை உறிஞ்சி எடுத்தாள், விளக்கைத் திருப்பினாள், டாக்டர் கேட்பதற்குள் கருவியை நீட்டினாள். கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. அண்ணியின் கால் விரல்கள் செருப்பில்லாமல் நாற்காலியின் விளிம்பில் மடங்கி மடங்கி விரிந்தன. வலியில்லை, பயம்தான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் ஒரு கரப்பான் வந்தாலும் அந்த விரல்கள் அப்படித்தான் மடங்கும்.

வேற யாரோ ஒருத்தர் வாயாக இருந்தால்?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முகம் தெரியாத யாரோ படுத்திருந்தால், சார் சொன்ன நியாயத்தை அப்படியே விழுங்கியிருப்பேனா? விழுங்கியிருப்பேன் போலத்தான் இருக்கிறது. அண்ணி என்பதால் துடிக்கிறேனா, தப்பு என்னுடையது என்பதால் துடிக்கிறேனா? நாளைக்குப் பல் போய்விட்டால் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எதிரில் உட்கார முடியாதே என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் பல்லை அதற்கப்புறம்தான் நினைத்தேன். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் இதையெல்லாம் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இப்போது அவகாசம் இல்லை. வேர் நுனி வெட்டப்பட்டு, குழி தோண்டப்பட்டு, உலர்ந்து தயாராக இருந்தது.

"சிமென்ட்," என்றார் பெரிய டாக்டர்.

கண்ணாடிப் பலகை அவள் முன்னால் இருந்தது. புதிய பொடியின் புட்டி, திரவம், கலக்கும் கரண்டி. பக்கத்து அலமாரியில் பழைய சிமென்டும் இருந்தது. அது பாதிதான் அடைக்கும். ஆனால் எவ்வளவு அடைக்கும் என்பதாவது தெரியும்.

"கலக்கும்மா. எலும்புல ரத்தம் ஊறுதுல்ல."

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்களில் ஒருவர் முன்னால் சாய்ந்தார். அவள் கரண்டியை எடுத்தாள். திரும்பக் கீழே வைத்தாள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்ன?"

"இதை நான் கலக்கல சார்."

அவர் முகமூடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "அப்புறம் பேசிக்கலாம். இப்பக் கலக்கு," என்றார், தணிந்த குரலில்.

நாற்காலியின் விளிம்பில் அண்ணியின் கால் விரல்கள் அசையாமல் நின்றுவிட்டன. அவளுக்குக் காது மரத்துப்போகவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"பழசைப் போடறதுன்னா இப்பவே கலந்து தர்றேன் சார்," என்றாள் அவள். "இது வேண்டாம்."

புதிய பொடியின் புட்டியை எடுத்து மூடியைத் திருகி இறுக்கினாள். அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.