கட்டுப் போட்ட கால்

இட்சியாருக்கு உடைந்திருந்தது இடது கால். கட்டுப் போட்டிருந்தது வலது காலில்.

எங்கள் ஜிம்னாஸ்டிக் கூடத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. நோகிற காலில் கட்டைப் பார்த்தால் பயிற்சியாளர் அசுன்சியோன், சுருக்கமாக அசுன், நேராக எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுவாள். அதோடு அந்த வருடம் போயிற்று. நல்ல காலில் கட்டுப் போட்டால் அந்தக் காலையே கவனித்துக்கொண்டிருப்பாள். அது ஒழுங்காகத் தரை இறங்கும். "சின்ன வலிதான், தாங்கிக்குவா" என்று விட்டுவிடுவாள். பெரிய பெண்கள் எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள், நாங்கள் சின்னவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோம். நல்ல பள்ளிக்கூடம்! அசுனை 'அவர்' என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு எழவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பலென்சியாவில் கடைசித் தேர்வு. முதல் ஆறு பேர் ஒலிம்பிக் போவார்கள். ஓடி வந்து மேசையைத் தாண்டிக் குதிக்கிற வால்ட் மட்டும்தான் பாக்கி. இட்சியார் ஆறாவது, நான் ஏழாவது. அவளுக்குப் பதினேழு வயது. அடுத்த ஒலிம்பிக்கின்போது இருபத்தொன்று ஆகிவிடும். எங்கள் விளையாட்டில் அது கிழவி வயது. பில்பாவோவில் அவள் அப்பா வேலை செய்த கப்பல் பட்டறையை மூடிய பிறகு, அந்த வீட்டில் பேச மிச்சம் இருந்த ஒரே நல்ல விஷயம் இவள்தான். இது இல்லையென்றால் எதுவுமே இல்லை என்று அவள் நினைத்தாள். அன்று காலை விடுதிப் படிகளில் அவள் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கியதை, அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த நான் மட்டும்தான் பார்த்தேன்.

வால்ட்டுக்கு முந்தின ஆட்டத்தில், பீம் என்கிற ஒடுங்கிய கட்டையிலிருந்து குதித்து இறங்கியபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. அசுன் அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்தக் கால் ரொம்பப் படுத்துதா?"

"இல்ல அசுன், சும்மாதான்."

"சும்மாவா? எலுமிச்சங்காய் கடிச்ச மாதிரி மூஞ்சி போச்சே! டாக்டர், இங்க வாங்க. ஒரு ஊசியப் போட்டு மரத்துப்போக வையுங்க."

"ஊசி வேண்டாம், நான் பார்த்துக்கறேன்."

"வலிக்குதா, வலிக்கலையா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

எங்கள் குழு டாக்டர் எவரிஸ்தோ வாயில் மிட்டாயைக் குதப்பிக்கொண்டே வந்தார். வலது காலின் கட்டை வெட்டினார். கணுக்காலை அழுத்தி, "இங்கயா?" என்றார்.

"ஆ!" என்றாள் இட்சியார். நடிப்புக்குப் பதக்கம் உண்டென்றால் அன்றே கொடுத்திருக்கலாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், அது இல்ல! இடது கால்!" என்று கத்திவிட்டேன்.

அசுன் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள். "ஏழாவது எடத்துல நிக்கிறவளுக்கு அடுத்தவ கால் ரெண்டும் ஒடிஞ்ச மாதிரிதான் தெரியும்." பிறகு இட்சியாரிடம் திரும்பினாள். "நீ சொல்லு. எந்தக் கால்?"

நாலு வருடம் ஒரே ஆரஞ்சை ஆளுக்குப் பாதியாகத் தின்றவர்கள் நாங்கள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதெல்லாம் எதுவும் இல்லை.

"வலதுதான். ரெமே ஏன் இப்படிப் பேசறாள்னு தெரியல."

ஊசி நல்ல காலில் இறங்கியது.

ஓடுபாதைக்குப் போகும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். வேறு யாரைப் பிடிப்பாள்?

"மடச்சி, ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருக்க முடியலையா உனக்கு?"

"ஒண்ணு ஒடிஞ்சிருக்கு, ஒண்ணு மரத்துப்போச்சு. எதுலடி எறங்குவ? கையிலயா?"

"கை நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

"வேண்டாம் இட்சி. நான் போய் நிறுத்தறேன்."

"நிறுத்து. ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." சிரிப்பு போய்விட்டிருந்தது. "அப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, தெரியுமா?"

வழுக்காமல் இருக்கக் கையில் வெள்ளை மாவைத் தடவிக்கொண்டு ஓடினாள். எப்படி ஓடினாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காற்றில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது, உடைந்த காலைக் காப்பாற்ற உடம்பு தானாகவே பாரத்தை வலது பக்கம் தள்ளியது. அந்தக் காலுக்குத் தரை வந்துவிட்டதே தெரியவில்லை. பாதம் மடிந்து, முட்டி திரும்பியது. காய்ந்த ரொட்டியை ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

ஆட்டத்தை முடித்தால் நடுவர்களுக்குக் கை தூக்கிக் காட்ட வேண்டும் என்பது விதி. மெத்தையில் கிடந்தபடியே இட்சியார் இரண்டு கைகளையும் தூக்கினாள். நடுவர்கள் யாரும் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் முட்டியைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது காலில் இடுப்புவரை மாவுக்கட்டு. அவள் பெற்றோர் இன்னும் வந்து சேரவில்லை. இத்தனை வருடம் எங்கள் பைகளைத் துழாவி பிஸ்கட்டைப் பிடுங்கிப் போட்ட அசுன், ஒரு பெட்டி நிறைய கிரீம் கேக்கோடு வந்து நின்றாள்.

"முட்டி போயிடுச்சு. ஆனா இடது கால் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். "ஒரு நல்ல கால் இருந்தாப் போதும். உன்னைத் திரும்ப நிறுத்திக் காட்டறேன்."

"நல்லாத்தான் இருக்கு அசுன்" என்றாள் இட்சியார். கண்கூடச் சிமிட்டவில்லை.

வாசலில் நின்று அசுன் என்னைப் பார்த்தாள். "ரெமே, பையக் கட்டு. ஆறாவது நீதான்."

நான் ஆசைப்பட்டதுதான். ஆனால் இப்படி அல்ல.

அசுன் போனதும் இட்சியார் மெதுவாகச் சொன்னாள்: "போர்வைய இழுத்து விடுடி. இடது கால் வெளிய தெரியுது பாரு."

பாதம் நீலம் பாரித்து, விரல்கள் தெரியாமல் வீங்கியிருந்தது. "டாக்டர்கிட்டக் காட்டலாம்டி" என்றேன். "மூடு" என்றாள். இழுத்து மூடினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அழவில்லை. கேக் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"நீ தின்னுடி. நான் எடை ஏறக் கூடாது."