அண்ணாவின் ரீலில் பின்னல் நூல்

1

"அப்பா, அண்ணாவுக்கெண்டு வைச்சிருக்கிற தூண்டில் ரீலை எனக்குத் தாங்கோ."

அண்ணாவுக்கென்று எடுத்துவைத்த எதையும் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம். ஒரு ஞாயிறு காலை, இடியப்பத் தட்டுக்கு முன்னால் கேட்டேன். இந்தக் கதை அங்கிருந்து வந்தது. வேறு உயர்ந்த காரணம் இல்லை.

(முதலில் 'அலைகள் அன்று' என்று தொடங்கினேன். வெட்டிவிட்டேன். கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். அதற்கு அறிமுகம் எதற்கு?)

2

அப்பா பாலசுந்தரம் ஒரு மருந்து மொத்தக்கடையில் பெட்டி கட்டியவர். ஞாயிறுகளில் ரயில் பாதைக்கு அப்பால் பாறையில் நின்று தூண்டில் போடுவார். அண்ணா ஜனா ஏழு வருடமாக டொரொண்டோவில். அவனுடைய ரீல் அலுமாரியில், அம்மாவின் சேலைகளுக்கு மேல், பெட்டி பிரிக்காமல். இந்த வீட்டில் கம்பஸ் போய்ப் பட்டம் முடித்த முதல் ஆள் நான். அதைப் பற்றி அப்பா பெருமையாக

இல்லை, அந்த வசனம் வேண்டாம்.

அப்பா சொன்னது இவ்வளவுதான்: "எடு. ஆனா தங்கூசிதான் சுத்த வேணும். பின்னல் நூல் பாறையில உரசினா அறும்."

தங்கூசி என்றால் ஒற்றை நைலோன் இழை; பின்னல் நூல் பல இழை சேர்த்துப் பின்னியது. அப்பா சொன்னது சரி. அதை இங்கேயே பதிந்துவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறவர்கள் வழக்கமாக மறைக்கிற இடம் இது.

3

கொட்டாஞ்சேனையில் தூண்டில் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் நிலாம் நானா கேட்டார், "யாருக்கு தங்கச்சி? அப்பாக்கா?"

"எனக்கு."

"தம்பிக்கா?"

"எனக்கெண்டு சொன்னனான்."

"சரி, கோவிக்க வாணாம். தங்கூசி இழுபடும். மீன் கொத்தினது கைக்கு வாரத்துக்குச் சுணங்கும். பின்னல் இழுபடாது. மீன் மோந்து பாத்தாலே வெரலுக்குத் தெரியும்."

(நிலாம் நானாவை இங்கே சந்தேகிக்கிறேன். எனக்குத் தேவையானதை ஒரு கடைக்காரர் இவ்வளவு வடிவாகச் சொல்வாரா? பாதி என் வாயாக இருக்கலாம்.)

எனக்கு எல்லாமே அண்ணாவுக்குப் பிறகு, சுணங்கித்தான் வந்தது. சைக்கிள், அறை, வீட்டுச் சாவி. பின்னல் நூலை வாங்கினேன்.

"அடியில மொதல்ல" என்று நானா தொடங்கினார்.

"தெரியும்," என்றேன். இணையத்தில் பதினொரு கட்டுரை வாசித்திருந்தேன்.

(இந்த ஒரு சொல் என்னுடையதுதான். சந்தேகமில்லை.)

4

அடுத்த ஞாயிறு பாறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன், மீன் கொத்தியது. விரல் உடனே அறிந்தது. கைப்பிடியைச் சுற்றினேன், ரீல் சுற்றியது, நூல் வரவில்லை. சுற்றியிருந்த நூல் முழுவதும் ஒரே கட்டாக வழுக்கி, உருளையின்மேல் சும்மா சுழன்றது. பின்னல் நூல் வெறும் உலோகத்தைப் பிடிக்காது. அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றிவிட்டு அதன்மேல்தான் கட்டவேண்டும். அந்தப் பாறைகளில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கையால் இழுத்தேன். நூல் சுட்டுவிரலை வெட்டியது. மீன் போய்விட்டது.

பக்கத்துப் பாறையிலிருந்து செல்லையா அண்ணை கேட்டார், "பிள்ளை, கம்பஸில இதுக்கு லெக்சர் இல்லையோ?"

அப்பா சிரிக்கவில்லை. "தங்கூசி சுத்து. இல்லாட்டி ரீலைத் திரும்பப் பெட்டிக்க வை. அண்ணா வரேக்க பழுதில்லாமல் இருக்கட்டும்."

5

எழுதிப் பார்த்த முடிவுகள்.

ரீலைத் திருப்பிக் கொடுக்கிறேன், அம்மா நிம்மதியாக (பாதியில் விட்டேன்).

அப்பாவே உட்கார்ந்து அடியில் தங்கூசி சுற்றித் தருகிறார். மூன்று வரி எழுதினேன். நன்றாக இருந்தது, அதனால் அடித்தேன். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

அண்ணா வட்ஸ்அப்பில் சொல்கிறான்: "எந்த ரீல்? எனக்கு ஞாபகமே இல்லை, நீ எடு." இது உண்மையில் நடந்தது. ஆனாலும் வேண்டாம். ரீல் அவன் தந்ததாகிவிடும்.

6

நேற்றுக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றினேன். அடியில் முப்பது சுற்றுத் தங்கூசி. அது நிலாம் நானா சொல்ல வந்தது, அப்பா சொன்னதல்ல. மேலே முழுவதும் பின்னல். பாறை அதை அறுக்கலாம். அறுத்தால் அறுக்கட்டும், கொத்தினது எனக்கு உடனே தெரிய வேண்டும்.

இன்று காலை அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார், "எது சுத்தினனீ?"

மீனா, பாறையா, அப்பா பின்னால் வருகிறாரா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுத நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

"வந்து பாருங்கோ," என்று தூண்டில் தடியை எடுத்தேன்.

"ரீலை வைச்சிட்டுப் போ," என்றார் அம்மா.

நான் அதற்குள் செருப்பைப் போட்டுவிட்டேன். ஆறே முக்கால் ரயில் போனதும் பாதையைக் கடக்க வேண்டும்.