நாலாம் பக்கத்தில் ரியோ இறுதி ஆட்டம்

இரண்டாயிரத்து எட்டு, மே மாதம். புயலுக்குப் பிறகு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள த்வாண்டே போய்த் திரும்பிய சாயிமா வீட்டுக்குப் போகவில்லை. பர்மியக் கைலியான தமேனில் அப்பிய சேற்றோடு நேரே நகரின் பசுந்தாங் பேட்டையில், தான் வேலை பார்த்த வாரப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து, கண்டதையெல்லாம் ஒரே மூச்சில் எழுதினாள். கால்வாயில் மிதந்தவர்களை எழுதினாள். சித்தி முறையான சாச்சியின் வீடிருந்த இடத்தில் தண்ணீர் நின்றதை எழுதினாள். அடக்கம் செய்யச் சாச்சியின் மையித்துகூடக் கிடைக்கவில்லை.

ராணுவ அரசின் தணிக்கைக்குப் போன பக்கம் சிவப்புக் கோட்டோடு திரும்பியது.

"நாலாம் பக்கம் முழுசாப் போச்சு புள்ள" என்றார் ஆசிரியர் உதுமான். "பிரேசில்ல ரியோ மாநிலச் சாம்பியன்ஷிப் முடிஞ்சிருக்கு. அந்த இறுதி ஆட்டத்த எழுதிக் குடு. அதுக்குத் தடையில்ல."

"இங்க பொணம் மெதக்குது காக்கா. எவன் கோல் போட்டா நமக்கென்ன?"

"வெறும் பக்கமா விட்டா பத்திரிகையையே மூடிருவாங்க. இங்க உள்ளவங்க சோத்துக்கு எங்க போறது?"

சாயிமா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். வென்ற அணியின் ரசிகர்கள் தெருவெங்கும் ஆடிப்பாடினார்கள் என்று எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்தது.

பத்திரிகை வெளிவந்த காலை, பீர் முகைதீனின் டீக்கடையில் சாயிமாவுக்குப் பக்கத்து மேசைக்காரன் அதை உரக்க வாசித்தான். அவனுக்கு எதிரே இருந்தவன், "கடைசி கோல் ஆஃப்சைடாத்தான் இருக்கும், என்ன பந்தயம்?" என்று சிரித்தான்.

சாயிமா எழுந்துபோய்ப் பத்திரிகையைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தாள்.

"ஒனக்கென்ன கிறுக்கா?" என்றான் வாசித்தவன்.

"ஆமா, கிறுக்குத்தான். இந்தக் கருமத்த எழுதினவளே நான்தான். மொதல்ல என்ன எழுதுனேன்னு சொல்றேன், கேளு!"

பீர் முகைதீன் பதறி ஓடிவந்தார். "மெதுவா, சாயிமா. எந்த உளவுக்காரன் ஒட்டுக் கேக்குறானோ."

"கேக்கட்டும் மாமா. கேக்கத்தானே சொல்றேன்."

த்வாண்டேயில் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பாதிப் பேர் டீயை அப்படியே வைத்துவிட்டு நழுவினார்கள். ஆஃப்சைடு பேசியவன் மட்டும் அசையவில்லை.

"கால்வாய்க்கு எந்தப் பக்கம்?" என்றான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"மேற்கே."

"என் தங்கச்சிய அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. அங்க பெரிய சேதமில்லன்னு சொன்னாங்களே!"

"யார் சொன்னது?" என்று கத்தினாள் சாயிமா.

அவன் மேசையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். படகுத்துறையை நோக்கி ஓடினான். கிழிந்த பத்திரிகை இன்னும் அவள் கையில் இருந்தது. அதைக் கசக்கி எறிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.